மச்சி, மைக் என்ன மைக்?

"ரேஸை வீடியோ எடுக்கப் போறேன்"னு காலேஜ் கேன்டீன்ல சும்மா ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அடுத்த செகண்ட் நாலு பக்கமும் இருந்து ஒரே கேள்விதான் வரும்... "என்ன கேமரா மச்சி?" 4கே-வா 8கே-வா, எத்தனை எக்ஸ் ஜூம், ஸ்லோமோஷனுக்கு எத்தனை ஃப்ரேம்னு ஒரு பட்டிமன்றமே நடக்கும். டீ ஆறி, வடை காலியாகி, பெல்லும் அடிச்சிடும். "மைக் என்ன?"ன்னு கேட்க மட்டும் ஒரு ஜீவன் இருக்காது!

ஆனா பாஸ், ரேஸ்ல வேகம் கண்ணுக்குத் தெரியறதைவிட காதுக்குத்தான் அதிகம் தெரியும். சந்தேகமா இருந்தா டி.வி.யில ரேஸ் ஓடும்போது மியூட் பட்டனைத் தட்டிப் பாருங்க. புயல் மாதிரி வந்த கார், கலர் கலர் எறும்பு மாதிரி ஆகிடும்.

1976-ல் பிரெஞ்சு இயக்குநர் குளோத் லெலூஷ் ஒரு குறும்படம் எடுத்தார். விடியற்காலை பாரிஸ் தெருக்கள்ல சிவப்பு சிக்னலைக்கூட மதிக்காம ஒரு கார் எட்டரை நிமிஷம் பறக்கும். கேமரா காரோட முன்பக்கம். ஒரே ஷாட். பார்க்கிறவங்களுக்கு உள்ளங்கை வேர்த்துடும். அப்படி என்ன கார்? ஓட்டினது தன்னோட மெர்சிடிஸ், சத்தம் மட்டும் பிறகு சேர்த்த ஃபெராரின்னு லெலூஷே பின்னாடி சொன்னார். அத்தனை பேரும் வேகம்னு நம்பினதில் பாதி, சத்தம்! (அந்த மாதிரி ரோட்ல ஓட்டிப் பார்க்கிற ஐடியா இருந்தா இங்கேயே இறங்கிக்குங்க. நாம டிராக் பத்தி மட்டும்தான் பேசறோம்.)

38 ஆயிரமும் ஒரு மாமாவும்

நமக்கு ஊர் கோயமுத்தூர். விஸ்காம் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்குப் பத்து நிமிஷ டாக்குமென்டரி எடுக்கணும். நான் எடுத்துக்கிட்ட சப்ஜெக்ட், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ரேஸ். எங்க ஊரை மில்லு, மோட்டார் பம்ப்புன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். ரேஸ் கார்களைத் தானே வடிவமைச்ச எஸ்.கரிவரதனும் இந்த ஊர்தான். அந்த டிராக் அவர் நினைவாத்தான் பேர் வாங்கியிருக்கு.

ப்ராஜெக்ட் மார்க் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் படத்துக்கு நிஜமான எக்ஸாமினர் எங்க வீட்லயே இருந்தார். எங்க மாமா. அம்மாவோட அண்ணன். எண்பதுகள்ல சோழவரத்துக்கு பைக் ஏத்திக்கிட்டுப் போன மெக்கானிக் கோஷ்டியில ஒருத்தர். சோழவரம்ங்கிறது சென்னைக்குப் பக்கத்துல இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்றதுக்கு முன்னாடி ரேஸ்னா அங்கேதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாமாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் வராது. கட்டில், ஜன்னல், டி.வி. இவ்வளவுதான் அவர் உலகம். "டி.வி.ல பூரா வெளிநாட்டு ரேஸ்டா மாப்ளே... நம்ம டிராக் இப்ப எப்படிக் கேக்குதுன்னே தெரியல"ன்னார் ஒரு நாள். எப்படி இருக்குன்னு சொல்லலை. எப்படிக் கேக்குதுன்னுதான் சொன்னார்!

கையில் இருந்தது 38 ஆயிரம் ரூபாய். கல்யாண சீசன்ல ஸ்டுடியோ அண்ணனுக்கு லைட் பிடிச்சு சேர்த்தது 23. "மாமாவுக்காக எடுக்கறே, நல்லா எடு"ன்னு அம்மா தன்னோட சீட்டுப் பணத்துல இருந்து கொடுத்தது 15. இந்தப் பணத்துக்கு என்ன வாங்கறது?

வாங்கறதா, வாடகையா?

செகண்ட் ஹேண்ட்ல ஒரு மிரர்லெஸ் பாடியும் கூட வர்ற குட்டி லென்ஸும் வாங்கினா பணம் மொத்தமும் அம்பேல். அந்தக் குட்டி லென்ஸ்ல ரேஸ் பைக் கொசு சைஸ்லதான் தெரியும். டிராக்குக்கும் நாம நிற்கிற இடத்துக்கும் நடுவுல ஓடி வழுக்கினா நிற்க மண் திட்டு, டயர் சுவர், கம்பி வலைன்னு ஏகப்பட்ட இடைவெளி இருக்கும். அதைத் தாண்டிப் பிடிக்க நீளமான லென்ஸ் வேணும். 70-200 லென்ஸை ஏ.பி.எஸ்.சி சென்சார்ல மாட்டினா, ஃபுல் ஃப்ரேம் கணக்குல சுமார் 300 வரைக்கும் போகும். ரேஸுக்கு அது நல்ல ஆரம்பம். ஆனா நம்ம பட்ஜெட்டுக்கு அது கனவுக்கன்னி.

ஸ்டுடியோ அண்ணன்தான் வழி சொன்னார். "கேமரா மூணு வருஷத்துல பழசாயிடும் தம்பி. நல்ல மைக் பத்து வருஷம் பேசும். மாறுறதை வாடகைக்கு எடு, நிலைக்கிறதை விலைக்கு வாங்கு." பொன்மொழி! 20 எக்ஸ் ஜூம் இருக்கிற ஒரு ஹேண்டிகேமும் ஃப்ளூயிட் ஹெட் ட்ரைபாடும் ரெண்டு நாளைக்கு வாடகை, கூடவே லென்ஸுக்கு ஒரு ஃபில்டர்... படத்துக்கு 9 ஆயிரம். சத்தத்துக்கு 27 ஆயிரம். மிச்சம் 2 ஆயிரம் பெட்ரோலுக்கும் பரோட்டாவுக்கும்.

கல்யாண ஹேண்டிகேமை ரேஸுக்கு எடுத்துட்டுப் போறியான்னு பசங்க கலாய்ச்சாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அதுல சென்சார் சின்னது, அதனால சின்ன உடம்புலயே பெரிய ஜூம் கிடைக்கும். ஒரு விரல்ல வழுக்கிட்டுப் போற பவர் ஜூம். முகூர்த்தத்துல ஆரம்பிச்சு பந்தி வரைக்கும் ஓடப் பழகின மெஷின், வெயில்ல சுருண்டு விழாது. மிரர்லெஸ் பல மாடல்கள் உச்சி வெயில்ல 4கே-யில் ஓடினா கொஞ்ச நேரத்துல சூடாகி நின்னுடும். எந்த கேமராவா இருந்தாலும் எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ஓட்டையைப் பாருங்க. ஒண்ணு மைக் ஜாக், இன்னொண்ணு ஹெட்ஃபோன் ஜாக். ரெண்டும் இல்லாத கேமரா எவ்வளவு அழகா இருந்தாலும் ஜூட்!

கேமராவுக்குக் கூலிங்கிளாஸ்

அடுத்து ஷட்டர். மொபைலையோ கேமராவையோ ஆட்டோவில் விட்டா, வெயில்ல அது 1/2000 செகண்டுக்குத் தாவிடும். மணிக்கு 180 கி.மீ.யில் வர்ற கார் ஒரு செகண்டுக்கு 50 மீட்டர் போகுது. 1/2000-ல் அது நகர்றது ரெண்டரை சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு ஃப்ரேமும் கல்லு மாதிரி உறைஞ்சிடும். ஓடவிட்டுப் பார்த்தா, பார்க் பண்ணி வெச்ச காரை யாரோ தள்ளித் தள்ளி வெச்ச மாதிரி வெட்டி வெட்டிப் போகும். 1/50-ல் வெச்சா அதே கார் ஒரு ஃப்ரேமுக்குள்ள ஒரு மீட்டர் நகரும். காரோடவே கேமராவைத் திருப்பினா கார் தெளிவா நிற்கும், பின்னணி மட்டும் கோடு கோடா இழுபடும். அந்த இழுப்புதான் கண்ணுக்குத் தெரியற வேகம். 25 ஃப்ரேம்ல எடுக்கிறப்ப 1/50-ங்கிறது நல்ல கணக்கு.

சிக்கல் என்னன்னா, கோயமுத்தூர் மதிய வெயில்ல 1/50 வெச்சா படம் வெள்ளையா வெளுத்துடும். ஐ.எஸ்.ஓ 100-ல் எஃப் 22 வரைக்கும் இறக்கணும். அவ்வளவு இறக்கினா படத்தோட கூர்மை போயிடும். அதுக்குத்தான் என்.டி ஃபில்டர். கேமராவுக்குப் போடற கூலிங்கிளாஸ். என்.டி 16 போட்டா வெளிச்சம் பதினாறுல ஒரு பங்கா குறையும், எஃப் 5.6-ல் சுகமா எடுக்கலாம். நான் வாங்கின ஃபில்டர் இதுதான். ரேஸ் வீடியோவை மாத்திக் காட்டற மலிவான பொருள் எதுன்னு கேட்டா இந்தக் கண்ணாடியைத்தான் காட்டுவேன்.

ராத்திரி ரேஸ்னா வேற கதை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னை தீவுத்திடலைச் சுத்தி விளக்கு வெளிச்சத்துல கார்கள் ஓடினது ஞாபகம் இருக்கும். நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 இல்லைன்னா 1/100-ல் வெச்சா பெரும்பாலான விளக்குகள் படத்துல துடிக்காது.

இன்னொரு பூதம், ரோலிங் ஷட்டர். இப்ப வர்ற சென்சார்கள்ல பெரும்பாலானவை படத்தை மேலிருந்து கீழே வரி வரியாத்தான் படிக்கும். அதுக்கு 20 மில்லி செகண்ட் ஆகுதுன்னா, அதே நம்ம கார் அதுக்குள்ள ஒரு மீட்டர் போயிடும். அசையாத கேமராவுல கார் சாஞ்சு தெரியும். கேமராவைத் திருப்பினா விளம்பரக் கம்பம் எல்லாம் சாயும். வாடகைக்கு எடுக்கிற முன்னாடி கடை வாசல்லயே நின்னு கேமராவைச் சடார்னு திருப்பி, எதிர்ல இருக்கிற கரன்ட் கம்பம் எவ்வளவு சாயுதுன்னு பாருங்க. ஸ்பெக் ஷீட்டைவிட அந்தக் கம்பம் உண்மை பேசும்.

கம்பி வலைக்குப் பின்னாடிதான் இடம் கிடைச்சுதா? லென்ஸை வலைக்கு ஒட்டி வெச்சு, அப்பர்ச்சரை நல்லா திறந்து, ஜூமைக் கூட்டுங்க. வலை கரைஞ்சு காணாமப் போயிடும். ஆட்டோஃபோகஸ் வலையைப் பிடிச்சுக்கிட்டு அடம் பிடிச்சா, வளைவுல வண்டி தொடற இடத்துல ஃபோகஸ் வெச்சு மேனுவல்ல பூட்டிடுங்க. வண்டி தானா வந்து அதுக்குள்ள விழும்.

மிக்ஸி சத்தம்

இப்ப 27 ஆயிரத்துக்கு வருவோம். கேமராவுக்குள்ள இருக்கிற மைக் ரேஸுக்கு ஏன் ஆகாது? ரெண்டு காரணம். ஒண்ணு, ஆட்டோ லெவல். வண்டி பக்கத்துல வந்ததும் கேமரா பயந்து சத்தத்தை அமுக்கிடும். போனதும் "ஐயோ, சத்தமே இல்லையே"ன்னு ஜெனரேட்டர் உறுமல், பக்கத்து ஆள் முறுக்கு கடிக்கிறது எல்லாத்தையும் தூக்கும். மெனுவுல போய் இதை முதல்ல மேனுவலுக்கு மாத்தணும். பெரிய சத்தம்கூட மைனஸ் 12 டெசிபலைத் தொடற அளவுக்கு லெவலை வைக்கணும். ரெண்டாவது, டிஜிட்டல்ல பூஜ்ஜியம் டெசிபலைத் தாண்டின சத்தத்தோட தலை வெட்டுப்படும். வெட்டின தலையை எந்த சாஃப்ட்வேரும் முழுசா ஒட்ட வைக்காது.

அதனால 32 பிட் ஃப்ளோட்ல பதியற உள்ளங்கை சைஸ் ரெக்கார்டர் ஒண்ணு வாங்கினேன். பூஜ்ஜியத்தைத் தாண்டின சத்தத்தையும் அது பத்திரமா வெச்சிருக்கும், எடிட்டிங்ல இறக்கிக்கலாம். ஆனா அதை மாயாஜாலம்னு நினைச்சுடாதீங்க. மைக்கே சத்தம் தாங்காம கதறினா, ரெக்கார்டர் அந்தக் கதறலைத்தான் சுத்தமா பதியும். மைக் வாங்கறப்ப அது அதிகபட்சம் எத்தனை டெசிபல் தாங்கும்னு பாருங்க. மேடையில பாட்டுப் பாடற டைனமிக் மைக்குகள் இந்த விஷயத்துல எமகாதகர்கள். நான் எடுத்துக்கிட்டது அதுதான். ரைடர்கிட்ட வாய்க்குப் பக்கத்துல நீட்டி பேட்டி எடுக்கவும் அதுவே போதும், பின்னாடி எஞ்சின் உறுமினாலும் பேச்சு தனியா நிற்கும்.

காத்துக்கு, பூனைக்குட்டி மாதிரி முடி வெச்ச கவசம் கட்டாயம். வெறும் ஸ்பாஞ்ச் உறை பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு முன்னாடி பேப்பர் கப்பல். காத்து இரைச்சலைக் குறைக்க லோ கட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போடுங்க. நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.ல செகண்டுக்கு 200 தடவை வெடிக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினா நஷ்டம் பெருசா இல்லை. ஆனா ஒரு சிலிண்டர் பைக் அதே 6,000-ல் 50 தடவைதான் வெடிக்கும். அங்கே லோ கட் போட்டா பைக்கோட அடிவயித்து உறுமலையே அறுத்து எறிஞ்ச மாதிரி. காருக்குப் போடலாம், பைக்குக்கு வேண்டாம்.

மைக்கை எங்கே வைக்கிறதுன்னு மாமாகிட்டயே கேட்டேன். "நேர் ரோட்ல வெக்காதடா. அங்க எல்லாவனும் ஒரே மாதிரிதான் போவான். பிரேக் பிடிக்கிற எடத்துல வை. கியர் எறக்கறதுலதான் ஆளு தெரியும்"னார். அனுமதி வாங்கி, ட்ராக் மார்ஷல் காட்டின இடத்துல, தடுப்புக்கு இந்தப் பக்கம் வெச்சுட்டு வந்துட்டேன். தூரம் ரெட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும்ங்கிறதால, ரொம்பக் கத்தினா கொஞ்சம் பின்னாடி நகர்த்தினாலே போதும்.

பக்கத்துல வைக்கிறதுல இன்னொரு லாபம். 180-ல் ஒரு வண்டி கடந்து போறப்ப சுருதி இறங்குமே... 'ஈஈய்ய்ய்-ஊம்'னு? டாப்ளர் கணக்கு போட்டுப் பார்த்தா, கிட்டத்தட்ட மேல் சட்ஜத்துல இருந்து பஞ்சமத்துக்கு இறங்கற இறக்கம் அது. மைக் ரோட்டுக்குக் கிட்ட இருந்தா அந்த இறக்கம் கத்தி மாதிரி சடக்குன்னு வரும். தள்ளி இருந்தா வழவழன்னு வழியும்.

பாதி செகண்ட் பாக்கி

நான் கேமராவோட நின்னது வளைவுல இருந்து 170 மீட்டர் தள்ளி. சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மின்னல் முதல்ல, இடி பிறகு... அதே கதைதான். கேமரா மைக்ல பதிஞ்ச சத்தம், படத்தைவிட பாதி செகண்ட் லேட்டு. 25 ஃப்ரேம் கணக்குல 12 ஃப்ரேமுக்கு மேல! ரைடர் பிரேக் பிடிச்சு முடிச்ச பிறகு எஞ்சின் இறங்கும். பார்க்கிறவங்களுக்குக் காரணம் புரியாது, ஆனா ஏதோ டப்பிங் படம் மாதிரி தோணும். வளைவுல வெச்ச ரெக்கார்டருக்கு இந்த லேட்டு கிடையாது.

ரெண்டையும் பொருத்த வழி சிம்பிள். ஃப்ரெண்டை ரெக்கார்டருக்குப் பக்கத்துல நிறுத்தி, கேமராவுல அவனை ஜூம் பண்ணி, பலமா ஒரு கைதட்டல். உள்ளங்கைகள் சேர்ற ஃப்ரேமையும் 'டப்' சத்தத்தையும் எடிட்டிங்ல ஒட்டினா முடிஞ்சது. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் தட்டணும். ரெண்டு மெஷினோட கடிகாரமும் நேரம் ஆக ஆக மெதுவா விலகும்.

காது ஒரு ஜோடிதான் பாஸ்

85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குன்னு சொல்றாங்க தொழில் சுகாதார நிபுணர்கள். அந்தக் கணக்குல 100 டெசிபலுக்குக் கிடைக்கிறது வெறும் 15 நிமிஷம்! அதனால காதுல வைக்கிற ஃபோம் அடைப்பான் ஒரு பாக்கெட் வாங்கிடுங்க. மானிட்டர் பண்ண, காதை முழுசா மூடற ஹெட்ஃபோன். அதையும் ஃபுல் வால்யூம்ல வெச்சா புண்ணியம் இல்லை. அப்புறம், வளைவோட வெளிப்பக்கம் நிற்காதீங்க. கேமராவைப் பார்த்துக்கிட்டே டிராக்குக்கு முதுகைக் காட்டாதீங்க. மார்ஷல் 'நகரு'ன்னா ஷாட் நடுவுல இருந்தாலும் நகருங்க.

மாமா போட்ட மார்க்

ரெண்டு நாள் ஷூட் முடிஞ்ச ராத்திரி, மாமாவுக்கு ஒரே லேப்பை ரெண்டு தடவை போட்டேன். முதல்ல கேமரா மைக் சத்தத்தோட. பத்து செகண்ட் கேட்டார். "இது ரேஸா, உங்கம்மா மிக்ஸியாடா?"

அடுத்து ரெக்கார்டர் சத்தத்தோட. மாமா படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கிட்டார். "நாலு... மூணு... ரெண்டு. இவன் பயப்படறான். இரு, அடுத்தவன்... மூணு, ரெண்டு. பாரு, இவன் த்ராட்டிலைச் சீக்கிரம் தொறக்கறான். ஜெயிச்சது இவன்தானே?" ரிசல்ட் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அவன்தான். "மறுக்கா போடு மாப்ளே"ன்னார். போட்டேன். அம்மா என் கையைத் தட்டி, கட்டிலோட கால்மாட்டைக் காட்டினாங்க. போர்வைக்குள்ள மாமாவோட இடது கால் கியர் மாத்திக்கிட்டு இருந்துச்சு.

ப்ராஜெக்ட் மார்க் இனிமேல்தான் வரணும். வரட்டும், ஒண்ணும் அவசரமில்லை.

உங்க ஊர்ல ரேஸ் டிராக் இல்லையேன்னு கவலைப்படறீங்களா? எங்க பொள்ளாச்சி ரோட்டு பஸ்ஸுங்க மாதிரி உங்க ஊர்லயும் நாலு இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டை விட்டு நல்லா தள்ளி, ஒரு மரத்தடியில நின்னு பழகுங்க. ஷட்டர் 1/50. பஸ் வர்றப்ப இடுப்பைத் திருப்பிக் கூடவே போங்க. சத்தத்தைத் தனியா பதிஞ்சு, வீட்ல வந்து கண்ணை மூடிக் கேளுங்க. டிரைவர் எந்த இடத்துல கியர் மாத்தினார்னு காது சொல்லிடுச்சுன்னா, நீங்க ரேஸுக்கு ரெடி!